லைன் மாற்றுவது

எங்கள் பக்கம் இரண்டு பேர் புதிதாகப் பேசிக்கொண்டால், ஊரைக் கேட்ட கையோடு லைனையும் கேட்போம். பனியன் கம்பெனியில் தையல் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறதே, அதுதான் லைன். ரேஷன் கடையில் நிற்பதை நாங்கள் லைன் என்பதில்லை, அது வரிசை. லைன் என்றால் சோறு. ஆர்டர் வந்தால் துணி லைனில் ஏறும். வராவிட்டால் லைன் படுத்துவிடும். அதற்கெல்லாம் பழகிவிட்டேன். 'லைன் மாற்றுவது' என்று யாராவது சொன்னால்தான் இன்றும் எனக்குத் திக்கென்கிறது.

வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே லைனில் இருந்தோம். அவர் டீசர்ட்டுக்குக் கை வைத்துத் தைத்து அனுப்புவார். பின்னால் உட்கார்ந்து நான் சைடு அடிப்பேன், அதாவது அக்குளிலிருந்து இடுப்பு வரை மூட்டுவேன். வீட்டில் போட்ட சண்டையை அங்கேயும் முதுகுக்குப் பின்னால் முனகித் தீர்த்துக்கொள்ளலாம்.

அந்த முறை கறுப்பு டீசர்ட் ஏறியது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். அவர் அனுப்பிய பீஸ்களில் அக்குள் பக்கம் தையல் விட்டிருந்தது. அவருக்குக் கண் மங்கிவிட்டது, மனுசன் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விட்ட இடத்தை என் மிஷினில் ஓட்டி மூடிவிட்டுத்தான் சைடு அடித்தேன். சூப்பர்வைசர் பெண் நடந்து வரும்போதெல்லாம் விட்ட பீஸை மற்றதற்கு அடியில் தள்ளிவிடுவேன். தெரிந்தால் அவரைப் பேக்கிங்கில் துணி மடிக்க அனுப்பிவிடுவார்கள். டெய்லர் என்றே வாழ்ந்த மனிதர், அதைத் தாங்கமாட்டார்.

இரட்டை வேலையில் என் மேஜையில் பீஸ் குவிந்தது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் வேலையில்லாமல் என்னை முறைத்தார்கள். ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்தாள்.

"உங்களுக்குக் கை ஓட மாட்டீங்குதுங்க அக்கா. நாளைல இருந்து நாலாவது லைனுக்குப் போயிருங்க."

என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தால் முதல் கட்டுத் துணியிலேயே அவர் மாட்டிக்கொள்வார். உண்மையைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். என்ன செய்வதென்று தெரியாமல் துணியைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவர் மிஷின் நின்றது.

"அவள மாத்தாதீங்க கண்ணு. அவ மெதுவாத் தைக்கறதில்ல. எனக்குஞ் சேத்துத் தைக்கறா. என்னைய எடுத்துருங்க."

எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறார். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் அவர் பேக்கிங்குக்குப் போனார். என் மேஜையில் பீஸ் குவியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.