மேஜைத் துணியில் ஒரு கவுன்

யுத்தத்தின்போது ராயபுரத்தில் துணிக்கு அப்படியொரு தட்டுப்பாடு. நான் தையல்காரன். பழையதைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தே பிழைப்பு ஓடியது.

"நைனா, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் தெக்கிறியே, என் கவுனு எங்க?" என்பாள் மகள் ரோசி.

"கப்பல்ல வந்துகினு கீது கண்ணு."

"அந்தக் கப்பலு இன்னா, நொண்டிகினா வருது?"

சிரித்துவிடுவேன். துறைமுகத்தில் கப்பல்கள் ஊதிக்கொண்டுதான் இருந்தன. துணிக்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. ரோசி போய்விட்டாள்.

சவப்பெட்டியில் அவளைப் பழைய உடுப்போடு வைக்க மனம் வரவில்லை. கடை கடையாகக் கெஞ்சினேன், கிடைக்கவில்லை. வீடு திரும்பியபோது, என் வெட்டுமேஜைமேல் விரித்திருந்த காடாத்துணி கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக என் முழங்கை உராய்ந்து உராய்ந்து மெத்தென்றாகியிருந்தது. துவைத்துக் காயவைத்து, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் முதுகுப்பக்கம் போகும்படி வெட்டினேன். விடியும்வரை கை தன்பாட்டுக்குத் தைத்தது.

அவளுக்கு உடுத்திப் பார்த்தால் கவுன் முட்டியைத் தாண்டவில்லை.

மனைவி செலின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு சாண் துணி மடித்துத் தைத்திருந்தது. வளர்கிற பிள்ளைக்குப் பின்னால் பிரித்து நீட்டிக்கொள்ள விடுகிற மடிப்பு. துணி தாராளமாக இருக்கவே, கை கொஞ்சம் அதிகமாகவே விட்டிருக்கிறது.

"யாருக்குய்யா இத்த வுட்ட?" என்றாள். பிறகு மெதுவாக, "பிரிச்சுடு. காலு மூடட்டும்."

பிரித்தேன். துணி இறங்கிக் கணுக்கால்வரை மூடியது. வருஷத்துக்குக் கொஞ்சமாக வளர்ந்திருக்க வேண்டியவள், அந்த ஒரே காலையில் என் கண்முன்னால் வளர்ந்து முடித்துவிட்டாள்.