பலா மணந்த பிறகு பேசும் வாடகை

காளப்பநாயக்கன்பட்டியில் லாரி வைத்திருந்த மூவருக்கும் ஒரே வழக்கம். கொல்லிமலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கும் பலாவை அடிவாரத்தில் குவிக்க விடுவார்கள். அது மணக்கும் வரை வாடகை பேச மாட்டார்கள். காயாக இருக்கும்போது மலைக்காரர் பேரம் பேசுவார். பழுத்துவிட்டால் கேட்டதைக் கொடுப்பார். மாட்டு வண்டியில் அனுப்பினால் சேலம் போவதற்குள் அழுகிவிடும்.

பள்ளிப்படிப்பை முடித்த சூட்டில் என் பங்கு நிலத்தை விற்றுப் பழைய லாரி ஒன்று வாங்கியிருந்தேன். செங்கல், நெல், உப்பு என்று ஏற்றிப் பார்த்தும் டீசலுக்கே கட்டவில்லை. அந்தக் குவியலைக் கண்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காயாகவே ஏற்றினால்? வாடகையைக் கொஞ்சம் குறைத்தாலும் மலைமேல் ஆலத்தூர் நாட்டு ஊர்களின் சரக்கு முழுவதும் என் வண்டிக்குத்தானே வரும்!

அங்கிருந்து இறங்கிய குடியானவர் ஒருவரிடம் சொன்னேன்.

"நெசமாத்தானுங்களா சாமி? இப்பவே ஏத்திக்குவீங்களா?"

பாதி ஏற்றியிருப்போம். மூவரில் மூத்தவர் பீடியோடு வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை.

"ஏனுங்க, நம்ம வண்டியில ஏத்துங்க. வாடகையே வேண்டாம்."

"சும்மாவுங்களா?"

"இந்தப் பருவம் பூராவும். படிச்ச தம்பி தருமம் பண்றாரு, நாங்க பண்ணக்கூடாதா?"

அவர் பின்னால் வந்த மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குடியானவர் என் முகத்தைப் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க கண்ணு. ஊட்டுல புள்ளகுட்டிக இருக்குது." தானே மேலே ஏறி, ஏற்றிய காய்களை ஒவ்வொன்றாக இறக்கினார்.

பருவம் முழுக்க என் லாரி நின்றது. வேறு சரக்கு கேட்டுப் போன இடத்திலெல்லாம் அவர்களில் ஒருவர் எனக்கு முன்பே போய் நின்றிருந்தார். மழை வருவதற்குள் வண்டியை மூத்தவருக்கே விற்றேன். அவர் வைத்ததுதான் விலை. "பழகின கை. நீங்களே ஓட்டுங்க தம்பி" என்று சம்பளத்துக்கும் வைத்துக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் வாடகை இரட்டிப்பானது. அதைச் சொல்லிவர வண்டியோடு என்னைத்தான் அனுப்பினார். அதே குடியானவர், ஈ மொய்க்கும் பழங்களின் நடுவே எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க வண்டிதானுங்களே சாமி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"என் வண்டி இல்லீங்க. போன வருசமே வித்தாச்சு."

அவர் குனிந்து ஒரு பழத்தைத் தூக்கினார். நான் லாரியின் பின்பலகையில் சாய்ந்து நின்றேன், கை கொடுக்கவில்லை.