வலக்கரை நாடா

இருபது வருடமாகச் சேலை நெய்கிறவருக்கு நெய்யத் தெரியும் என்று சர்க்கார் ஒரு தாளில் எழுதித் தர வேண்டுமென்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சுரக்குடி அம்பலவாணனுக்கும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன இரண்டாம் வருடம் காரைக்காலில் நெசவுப் பயிற்சி நிலையம் திறந்தார்கள். "எனக்கு எவன் சொல்லித் தர்றது?" என்று முறுக்கிக்கொண்டு திரிந்தவரைக் கிளப்பிவிட்டவள் மனைவி தையல்நாயகி.

"ஒங்க முழங்காலப் பாருங்க. இன்னும் எத்தன வருசம் தறிக்குழியில எறங்கி ஏறுவீங்க? சான்றிதழ் வாங்குனா நெடுங்காட்டு நெலயத்துல வாத்தியாரா போடுறாங்களாம். நாற்காலியில உக்காந்து சொல்லிக் குடுக்கலாம்ங்க."

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக அவர்கள் நெய்தது கோர்வைச் சேலை. அதற்குக் குறுக்கிழை கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். இடக்கரையும் உடலும் அவருடையவை. வலக்கரை நாடா, தறியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தையல்நாயகியுடையது. அவர் மிதியை அழுத்தி "போடு" என்பார், அவள் போடுவாள். சண்டை போட்டுப் பேச்சே இல்லாமல் கிடந்த நாட்களிலும் அந்த ஒரு சொல் மட்டும் நிற்கவில்லை.

பயிற்சிக்கு மைத்துனன் சுப்பையனும் கூடவே சேர்ந்தான். சாயம் கலப்பதும் கட்டத்தாளில் பூ வரைவதும் அம்பலவாணனுக்கே பிடித்துப்போயின. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அளந்துவிடுவார். அவளும் வாத்தியாரம்மா ஆகிவிட்டது போலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அவர் போகாமல் நின்ற காலையில், "நாள் கொறஞ்சா பரிச்சைக்கு விடமாட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்ல, கௌம்புங்க. அந்தச் சான்றிதழ மட்டும் வாங்கிடுங்க" என்று விரட்டினாள். பாவி மனுசன், போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் ஊர் கூடியிருந்தது.

தை மாதம் பரீட்சை. அவரவருக்குக் கைவந்த துணியை நெய்து காட்ட வேண்டும். கோர்வை என்று அவர் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார் பரீட்சை அதிகாரி தெட்சிணாமூர்த்தி. வேண்டாம், மூன்று நாடாவையும் நானே எட்டிப் போட்டுக்கொள்கிறேன் என்று அம்பலவாணன் குழியில் இறங்கினார்.

முதலில் தடுமாறித்தான் நெய்தார். ஒவ்வொரு இழைக்கும் வலப்பக்கம் சாய்ந்து நாடாவைத் தள்ளினார். போகப்போகக் கை தேறியது. மிதியும் இழையை அடித்து நெருக்கும் பலகையும் ஒரே ஓட்டமாக ஓடின. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் மனசு லேசானது. கால் மிதியை அழுத்தியது.

"போடு" என்றார்.

நாடா வரவில்லை. "போடு தையலு" என்று திரும்பினார்.

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மற்றத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அழுத்திய காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார் அம்பலவாணன்.

தெட்சிணாமூர்த்தி நல்ல மனுசர். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்லங்க. நேரம் இருக்கு. ஒங்க மச்சினன் ஒக்காரட்டும், முடிச்சிருங்க." சுப்பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒரு முழம் நெய்தால் போதும், சான்றிதழ் கையில்.

"வேணாங்க. அங்க யாரும் ஒக்கார வேணாம்" என்று சொல்லிவிட்டு அம்பலவாணன் குழியிலிருந்து ஏறினார்.

வெளியே வந்ததும் சுப்பையன் பொரிந்து தள்ளினான். "அக்கா இதுக்காகத்தான மாமா தனியாக் கெடந்து செத்துச்சு? நான் அது கூடப் பொறந்தவன். எனக்குப் போடத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. நல்லாவே போடுவ. சேலையும் நல்லா வந்திருக்கும்." "அவ இல்லாட்டியும் வருதுன்னு ஆயிருக்கும்ல."

சுப்பையன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அம்பலவாணன் நின்றார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவ எங்கிட்ட எதுவும் கேட்டதில்ல சுப்பையா. இது ஒண்ணுதான் கேட்டா. அதையும் நான் வாங்கல."