என் பிள்ளையைச் சோம்பேறி என்றேன்

போன வருஷம் ஆவணி மாசம் நடந்தது. திருவானைக்காவலில் இருந்து ஸ்ரீரங்கம் போகும் ரோட்டில் எனக்குப் பஞ்சர் கடை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. பேச்சும் எனக்குக் குறைச்சல்தான்.

மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே பையன். கேட்டரிங் படித்துவிட்டு ஸ்பெயின் நாட்டில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். ஒருநாள் போன் செய்து, அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். நல்ல பெண்ணா என்று கேட்டேன். ஆமாம் என்றான். சரி என்றேன்.

சிக்கல் பெண்ணின் அம்மாவிடம் இருந்தது. அந்த அம்மாவும் தனியாக நின்று பெண்ணை வளர்த்தவர். எங்கிருந்தோ வந்தவனை நம்பி எப்படிக் கொடுப்பது என்று தயங்கினார். நம் பக்கம் என்றால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தெருவுக்கு வருவார்கள். டீக்கடையில் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அந்த அம்மா அங்கே யாரைப் போய் விசாரிப்பார்? பையன் எப்படிப்பட்டவன் என்று அவன் அப்பாவே என்னிடம் சொல்லட்டும் என்றாராம். பையனும் பெண்ணும் நடுவில் நின்று மொழிபெயர்க்கக் கூடாதாம், தங்களுக்குத் தோதாக மாற்றிவிடுவார்களாம். போனே மொழிபெயர்க்கும் என்று பையன் சொல்லியிருக்கிறான். போன் பேசினால் மனுஷன் எங்கே என்று கேட்டாராம். நியாயம்தான். ஆனால் எனக்கு இங்கிலீஷே வராது. ஸ்பானிஷுக்கு எங்கே போவேன்?

அந்த வாரமே ஒரு பெண் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும். நான் டியூபைத் தண்ணியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனில் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். என்ன பாஷைங்க என்று கேட்டேன். ஸ்பானிஷ் என்றார். தில்லை நகரில் கம்பெனி ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். டியூபைக் கீழே வைத்தேன். யாரிடமும் உதவி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்று கேட்டேன்.

அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, முழு வாக்கியமெல்லாம் உங்களுக்கு வேண்டாம் அண்ணே, குணத்தைச் சொல்கிற வார்த்தை பன்னிரண்டு போதும் என்றார். வகுப்புக்குப் போகும் வழியில் தினமும் காலையில் பத்து நிமிஷம் நின்றார். வார்த்தை தனியாக மனசில் நிற்காது, ஒவ்வொன்றிலும் தெரிந்த ஒருத்தர் முகத்தை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தேன். உழைப்பாளிக்கு த்ரபஹதோர். அதற்குப் பேப்பர் போடும் அம்மா முகம். பொறுமைசாலிக்கு பசியென்தே. பாசக்காரனுக்கு காரின்யோசோ. சோம்பேறிக்கு பெரெசோசோ. பிடிவாதக்காரனுக்கு தெர்கோ. கடைச் சுவரில் சாக்பீஸால் தமிழில் எழுதி வைத்தேன்.

பக்கத்து டீக்கடைக்காரனுக்கு இது வேடிக்கை. அண்ணன் வெளிநாட்டு வண்டிக்கும் பஞ்சர் ஒட்டப் போறாரு என்று வருகிறவர்களிடம் சொல்வான். ஒருநாள் என்னிடம் கேட்டான்.

“என்னை எந்த வார்த்தையில வச்சிருக்கீங்க?”

“தகான்யோ.”

“நல்லாத்தான் இருக்கு. அப்படின்னா?”

“கஞ்சன்.”

அன்றைக்கு என் டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேச ஏற்பாடு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். போனில் பையன், பெண், நடுவில் அந்த அம்மா. கண்ணாடி போட்டிருந்தார், சிரிக்கவில்லை. கோமோ எஸ் என்றார். எப்படிப்பட்டவன் என்று அர்த்தம். டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான், புரிந்துவிட்டது. பன்னிரண்டு வார்த்தையும் வாய்க்குள் தயாராக இருந்தது.

நான் சொன்னது பெரெசோசோ. அடுத்தது தெர்கோ. சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பெற்றவன் தன் வாயால் பிள்ளையைப் புகழ மாட்டான். கண் படும். சோம்பேறிங்க, பிடிவாதக்காரன், நீங்கதான் பொறுத்துக்கணும் என்று நாம் சொல்வோம். எதிரில் இருப்பவர், அப்படிச் சொல்லாதீங்க, தங்கமான பையன் என்பார். என் தங்கச்சி கல்யாணத்தில் அப்படித்தான் பேசினார்கள், என் கல்யாணத்திலும் அப்படித்தான். அந்த அம்மா மறுத்துப் பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மறுக்கவில்லை. தலையை ஆட்டி, நன்றி சொல்லி எழுந்து போய்விட்டார். பெண் முகம் வெளுத்துவிட்டது. பையன் என்னையே பார்த்தான். “ஏம்ப்பா?” என்றான். போனை வைத்துவிட்டான்.

மூன்று நாள் அவனிடமிருந்து போன் இல்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலை டீச்சர் என்ன ஆச்சு என்று கேட்க வந்தார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“அண்ணே, நெசமாவே சோம்பேறியா?”

இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். அவர் நகரவில்லை, என் முகத்தையே பார்த்தார். அதனால் சொன்னேன். அவன் அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தாள். கடையை விட்டு நான் வர முடியாது. அவன்தான் விடிய எழுந்து கஞ்சி வைப்பான், அம்மாவைக் குளிப்பாட்டுவான், தலை வாரிவிடுவான், அப்புறம் படிக்கப் போவான். ஒருநாள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

இதை அவன்கிட்ட சொல்லியிருக்கீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

டீச்சர் வகுப்புக்குப் போன் போட்டு வரத் தாமதமாகும் என்றார். என் போனில் இருந்து கூப்பிட்டால் பையன் எடுக்க மாட்டான் என்று, தன் போனில் இருந்து அவனைக் கூப்பிட்டார். அந்த அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அங்கே அப்போதுதான் விடிகிற நேரம். பக்கத்தில்தான் அவர் வீடு, அவன் போய்க் கேட்டிருக்கிறான், வேலைக்குக் கிளம்பியவர் நின்றார். டீச்சர் டயர்களுக்கு நடுவில் நின்று அவரிடம் பேசினார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் இவங்களுக்குச் சொந்தமில்லை, பஞ்சர் ஒட்ட வந்தவள், அதனால் மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்து, பிள்ளையைக் குறைத்துப் பேசுவதுதான் எங்கள் ஊரில் பெற்றவர்களின் அடக்கம் என்று விளக்கியிருக்கிறார்.

பிறகு போனை என் கையில் கொடுத்தார். த்ரபஹதோர் என்றேன். பசியென்தே. காரின்யோசோ. அதுக்கு மேல் ஸ்பானிஷ் இல்லை. அவன் தன் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டதைத் தமிழில் சொன்னேன். டீச்சர் வரிவரியாகச் சொன்னார். போனில் பையன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிரவே இல்லை.

அந்த அம்மா ஒன்று கேட்டார். அப்படியானால் தெர்கோ என்றதும் பொய்யா?

அது நிஜம் என்றேன்.

முதல் தடவையாகச் சிரித்தார். அவர் சொன்னதை டீச்சர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார். “அது எனக்கே தெரியுமாம் அண்ணே. வேண்டாம்னு சொல்லச் சொல்ல எட்டு மாசமா அவங்க வாசலுக்கு வந்துக்கிட்டு இருக்காராம்.”

தை மாசம் கல்யாணம் அங்கே நடந்தது. டீச்சர் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் பையன் கூப்பிட்டான். சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேட்டான். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்று கேட்டேன். இப்போது எப்பவாவது அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறேன், தமிழிலேயே. கஷ்டமாகத்தான் இருக்கிறது. வகுப்புக்கு நேரமாச்சு என்று டீச்சர் அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால், சாகும்வரை என் பிள்ளையிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லாமலே போயிருப்பேன்.