பெற்ற பிள்ளைக்குப் பெரியம்மா

எள் போட்டால் எள் விழாத கூட்டத்திலும் விசிலின் குரல் பேருந்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நகரப் பேருந்தில் கண்டக்டர் வேலை அவளுக்கு. விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டே சில்லறை தேடுவாள், சண்டை விலக்குவாள், தூங்குகிறவரைத் தட்டி இறக்கிவிடுவாள். பணிமனையில் யாரோ வேடிக்கையாக வைத்த ‘விசில்’ என்ற பெயர் அவளுடைய சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது. படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்த்து, “உள்ள வாப்பா, உங்கம்மா பத்து மாசம் சுமந்தது ரோட்டுல போடறதுக்கா?” என்பாள். தொங்கியவன் அசடு வழிய உள்ளே வருவான்.

அவளும் ஒருவனைச் சுமந்தவள்தான். ஒரே மகன். பிரசவம் சிக்கலாகி, முழு மயக்கம் கொடுத்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். கண் விழித்தபோது பிள்ளை நாத்தனாரின் மடியில் இருந்தது. அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் புருஷன் மாரடைப்பில் போய்விட்டார். ஒற்றை ஆளாக வளர்த்தாள். மகன் நர்ஸ் படிப்பு படித்து வெளிநாடு போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான், வீடு பிடித்தான். அம்மாவையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டான்.

மகனின் பிறப்புச் சான்றிதழில் அவளுடைய பெயரை ஆஸ்பத்திரிக்காரர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள். அதனால் தாயும் மகனும்தானா என்று மரபணுச் சோதனை செய்யச் சொன்னது அந்த நாட்டு அலுவலகம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். பல் விளக்கும் வேலையை அரசாங்கமே செய்து தருகிறது என்று பணிமனையில் சொல்லிச் சிரித்தாள்.

முடிவு வந்த அன்றும் காலை முறை முடித்துவிட்டு நேரே அலுவலகத்துக்குப் போயிருந்தாள். தோளில் தோல்பை இறுக்கிய தடம் இன்னும் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். இந்தப் பையனை அவள் பெறவில்லை. ரத்த உறவு இருக்கிறது, ஆனால் தாய் அல்ல. சோதனையில் தெரிவது அவள் அவனுடைய தாயின் உடன்பிறந்தவள் என்பதுதான்.

அவளுக்கு உடன்பிறந்தவள் யாரும் கிடையாது. மோட்டார் ரிப்பேர் பார்க்கிற ஒரு தம்பி மட்டும்தான்.

அவள் எங்கும் உட்காராமல் வீடுவரை நடந்தாள்.

தம்பி முதலில் கொதித்தான். குச்சி மாறியிருக்கும், ஆள் மாறியிருக்கும் என்றான். தன் செலவில் வேறு இடத்தில் மறுபடியும் சோதிக்கச் செய்தான். தன் கன்னத்தையும் சேர்த்துக் கொடுத்தான். அந்த முடிவிலும் மாற்றமில்லை. தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் இருக்க வேண்டிய உறவு அவனுக்கும் பையனுக்கும் கச்சிதமாக இருந்தது. அக்காவுக்கும் பையனுக்கும் இருந்ததும் அதே அளவுதான்.

அதன்பிறகு தம்பியின் மனம், செத்துப்போன அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்ததை அவள் பார்த்தாள். அம்மா எங்காவது ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு வந்தாளா? அந்தப் பெண்ணை அத்தானுக்குத் தெரிந்திருந்ததா? கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. அவளுக்கு மட்டும் எழுந்ததா என்ன.

மகன் தொலைபேசியில் நிதானமாகத்தான் பேசினான். நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரல்.

“அம்மா, ஏதாவது இருந்தா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“என்ன இருக்கும்னு நினைக்கிற?”

“தெரியலை. எதுவா இருந்தாலும் நீதான் வளர்த்த.”

அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெற்றாய் என்று சொல்லவில்லை, வளர்த்தாய் என்றான்.

விடுமுறை நாளில் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். புருஷனின் அக்கா; கண் பார்வை மங்கி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். அந்தப் பிரசவத்துக்குக் கூட இருந்த ஒரே ஆள். அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்: உன் வயிற்றிலிருந்து எடுத்ததை நான் பார்த்தேன்.

“நான் கதவுக்கு வெளியதானே நின்னேன்,” என்றார் நாத்தனார். “துணியில சுத்திக் கொண்டாந்து குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். ஏன் கேக்கற?”

“சும்மாதான் அண்ணி.”

“உன் ஜாடைதான் அவன். உங்கம்மா மூக்கு. அதுல என்ன சந்தேகம்?”

அம்மாவின் மூக்கு. அதுதான் வினை. மாறிப்போன பிள்ளை என்றால் அம்மாவின் மூக்கு அவனுக்கு எப்படி வரும்? அவள் மயங்கிக் கிடந்த அந்த நேரத்தில், அவளைப் போலவே மூக்குள்ள எவளோ ஒருத்தி பக்கத்து அறையில் பெற்றுப் போட்டுவிட்டுப் போனாளா? அப்படியானால் அவள் வயிற்றில் உதைத்தது எங்கே போயிற்று?

அதிலிருந்து பேருந்தில் ஏறுகிற பெண்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். தன் வயதுப் பெண்கள், தன் நிறம், தன் நெற்றி. ஒருத்தி சில்லறை நீட்டும்போது விரல்களையே பார்த்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். வீட்டில் புருஷன் படத்துக்கு முன்னால் நின்று, இருக்கும்போது ஒருநாளும் கேட்காத கேள்விகளைக் கேட்டாள். அவர் சிரித்தபடியே இருந்தார். படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். மறுநாள் பாவம் என்று எடுத்து மாட்டினாள்.

மகன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒருவர் இந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, மரபணு மருத்துவர் யாரிடமாவது காட்டுங்கள் என்றாராம். தம்பி விசாரித்துக் கூட்டிப்போன டாக்டர் அம்மாள் குள்ளமாக, அடிக்கடி தும்முகிறவராக இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கருப்பையின் வாயிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்க்கலாம் என்றார். அங்கே என்ன வித்தியாசமாக இருக்கப்போகிறது, எல்லாம் ஒரே உடம்புதானே என்று தம்பி கேட்டான். பார்ப்போம் என்றார் அவர்.

அந்தச் செல்கள் மகனோடு பொருந்தின. ஐயத்துக்கு இடமில்லாமல் பொருந்தின. அவளுடைய கன்னத்தோடுதான் பொருந்தவில்லை.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்கம்மாவுக்கு அந்த மாசம் ரெண்டு கருமுட்டை வெளிய வந்திருக்கு. ரெண்டும் தனித்தனியா கருவாச்சு. அப்படியே வளர்ந்திருந்தா ரெட்டைப் பொண்ணுங்க பிறந்திருப்பாங்க. ஆனா ஆரம்பத்துலயே, கண்ணுக்குத் தெரியாத அளவுல இருக்கும்போதே, ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிடுச்சு.”

“அப்ப இன்னொருத்தி?”

“உங்களுக்குள்ளதான் இருக்காங்க. உங்க உடம்புல சில பகுதி ஒருத்தரோடது, சில பகுதி இன்னொருத்தரோடது. கன்னம் ஒருத்தரோடது. சினைப்பை இன்னொருத்தரோடதா இருக்கணும். பொண்ணுங்களுக்குக் கருமுட்டை எல்லாம் அவங்க அம்மா வயித்துல இருக்கும்போதே உருவாயிடும். உங்க பையன் வந்தது அந்த முட்டையிலேருந்து.”

அவள் முதுகில் ஒரு பக்கம் ஒரு சாயல் வெளுப்பாகவும் மறுபக்கம் கருப்பாகவும் நடுவில் கோடு கிழித்தது போல இருக்கும். வெயிலில் காயப்போட்டு ஒரு பக்கம் திருப்ப மறந்துவிட்டார்கள் என்று புருஷன் கேலி செய்வார். அதைச் சொன்னாள். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“யாருக்குமே தெரிஞ்சிருக்க முடியாது.”

வெளியே வந்ததும் தம்பி அழுதான். அம்மாவைத் தப்பாக நினைத்துவிட்டேன் அக்கா என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூழ்நிலையை இலேசாக்க நினைத்தானோ என்னவோ, “அப்ப நீ அவனுக்குப் பெரியம்மாவா, சித்தியா?” என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் நடைபாதையில் நின்று, போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.

ஊருக்கெல்லாம் வழக்கு தீர்ந்துவிட்டது. டாக்டர் அறிக்கையை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அனுமதி வந்தது. அவளுக்குத்தான் எதுவும் தீரவில்லை. செத்தவள் என்றால் அழலாம், இவள் சாகவில்லை. பிறந்தவள் என்றால் கூப்பிடலாம். இவள் பிறக்கவும் இல்லை. பெயர் வைக்கவில்லை, பால் கொடுக்கவில்லை, ஒரு நாள்கூட யாரும் தேடவில்லை. இத்தனை வருஷம் வாயே திறக்காமல் உள்ளே இருந்து, ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பேசாமல் இருக்கிறாள். மசக்கையில் புளிப்பு கேட்டது யார்? மார் கட்டிப் பால் சுரந்தது யாருக்கு? தனியாக இருந்தால் தனக்குத் தானே பேசிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதை விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். உடை மாற்றும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். யாருக்குக் கூச்சப்படுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வேலையை விட்டுவிட்டு மகனிடம் போனாள். விமான நிலையத்தில் அவன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். சில வாரங்கள் கழித்து, சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்குப் போனில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றான். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

“நீ கேட்டதுல என்ன தப்பு? நானே என்னைக் கேட்டேனே,” என்றாள்.

“நீதாம்மா என்னைப் பெத்த.”

“ஆமா. வலி எனக்குத்தான்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். வலி தனக்குத்தான் என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இப்போது மருமகள் மாசமாக இருக்கிறாள். ஸ்கேன் எடுக்கப் போனபோது மாமியாரையும் கூட்டிப்போனார்கள். திரையில் ஒரு துடிப்பைக் காட்டி, ஒரே குழந்தை, நன்றாக இருக்கிறது என்றார்கள். மகன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். மருமகள் சந்தோஷமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லாப் பாத்தாங்களா என்று கேட்க வந்ததை அவள் அடக்கிக்கொண்டாள். பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமல்ல அது என்று அவளுக்குத்தான் தெரியுமே.