கறிக்குக் காத்திருந்தோம்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். சாயாத் தட்டை ஏந்திக்கொண்டு போய் நிற்பேன். வந்தவர்களின் பார்வை முகத்தில் நிற்காமல் நேரே கைக்கு இறங்கும். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை எனக்கு வெண்புள்ளி. தொட்டால் ஒட்டாது என்று அக்கா தொண்டை வற்ற விளக்குவாள். சாயா அப்படியே ஆறிப்போகும். முப்பதைத் தாண்டியதும் ஒரே போடாகப் போட்டேன். "இனி யாருக்கும் தட்டு ஏந்த மாட்டேன். பாக்கணும்னா வெளிய எங்கயாவது பாக்கட்டும்."

அப்படித்தான் மட்டாஞ்சேரியில் புதிதாகத் திறந்திருந்த அந்தக் கடைக்குப் போனோம். ரோமில் பல வருடம் அடுப்படியில் நின்றுவிட்டு ஊர் திரும்பிய ஒரு சேட்டன் நடத்தியது. பின்சா என்று ஒரு ரொட்டி. நீளமாகச் சுட்டு வைத்திருப்பார். வேண்டிய அளவைக் கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்.

மாப்பிள்ளை பக்கத்திலேயே சுள்ளிக்கல் ஊர்க்காரர், எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம். களமசேரியில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை. என் கையைப் பற்றித் தரகர் அவரிடம் சொன்னாரா என்பது தெரியாது. தரகருக்கு மறதி வசதிப்படிதான் வரும். கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அக்கா பக்கத்து மேசையில், காதை மட்டும் எங்கள் பக்கம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தக்காளியும் சீஸும் போட்ட துண்டுகளை விட்டுவிட்டு, வெறும் எண்ணெயும் உப்பும் தடவியதையே அவர் வாங்கி வந்தார். வந்தவர் அதைத் தொடவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பமோ பரோட்டாவோ, பின்னாலேயே கறி வருவதுதான் ஊர் வழக்கம். அதைத்தான் இருவரும் எதிர்பார்த்திருந்தோம். கறி வரும் வரை கையை எடுக்க வேண்டியதில்லை என்று எனக்கு உள்ளூர நிம்மதி வேறு.

கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "சேட்டா, கறி எவிடே?"

சேட்டன் வாய்விட்டுச் சிரித்தார். ரோமில் இதை வெறுமனேதான் தின்பார்களாம். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சேட்டனுக்கு மனசு கேட்கவில்லை. தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மீன் கறியை எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தார். ஒரே ஒரு கிண்ணம்.

இனி ஒளிக்க வழியில்லை. கையை வெளியே எடுத்தேன். ரொட்டியைப் பிய்த்தேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சிவந்த கறியில் தோய்த்தபோது விரலும் நனைந்தது. அவர் என் கையையே பார்த்தார். போச்சு என்று நினைத்தேன்.

"காரம் பட்டா எரியுமோ?" என்று கேட்டார்.

"இல்ல. பாக்கத்தான் இப்படி."

"அப்ப சரி." அதே கிண்ணத்தில், என் விரல் பட்ட இடத்திலேயே அவரும் தோய்த்துத் தின்றார்.

அதற்கு முன் வேண்டாம் என்று சொன்னவர்களையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு அன்றிரவே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இந்த மனிதர் வேண்டாம் என்றால் தாங்க மாட்டேன் என்று அப்போது பயம் வந்தது.

கிண்ணம் காலியானதும் அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். "அக்கா, எங்க வீட்டுல கறி இதைவிடக் காரமா இருக்கும். இவங்களுக்குச் சரியாகுமா?"

அக்காவை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். "ஆகும்."