மைக் வேண்டாம் என்ற ஜெர்மன்காரம்மா

மைக் செட் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: நன்றாகக் கேட்டால் காது கிழிகிறது என்று திட்டுவார்கள், கேட்காவிட்டால் செட்டே சரியில்லை என்று திட்டுவார்கள், ஆகவே திட்டு வருமா வராதா என்ற கவலையே நமக்கு இல்லை. பந்தல் போடுகிறவர்கள், கல்யாணச் சமையல் எடுக்கிறவர்கள், போட்டோ பிடிக்கிறவர்கள், விசேஷ வீட்டுக் கோபத்தில் பங்கு வாங்கிய எல்லோரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு நல்ல மைக், ஒரு சுமாரான மைக் இருந்தன. அதற்கு முன் பட்டாளத்தில் ஒயர் இழுத்தவன். அங்கே கூட இவ்வளவு பேச்சு வாங்கியதில்லை.

குழாய் பார்க்கும் திசை

குழாயை மரத்தில் ஏறிக் கட்டுவது பெரிய வேலை இல்லை. எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பதில்தான் குடும்ப அரசியல் முழுக்க இருக்கிறது. தறி வைத்துப் பட்டு நெய்யும் ஒருவர் வீட்டில் கல்யாணம். பந்தலைப் பார்த்து இரண்டு குழாய் கட்டிவிட்டு இறங்கினேன். பெண்ணின் அப்பா அண்ணாந்து பார்த்தார். முகம் சரியில்லை. அடுத்த தெருவில் அவருடைய தம்பி குடியிருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, பத்திரிகையும் வைக்கவில்லை. என்னை மறுபடி மரத்தில் ஏறச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "அவன் வீட்டுப் பக்கமா ஒரு குழாயத் திருப்பி வைப்பா. கூப்புடலைன்னாலும் கேட்டுக்கினு கெடக்கட்டும்."

எட்டாத இடம்

அந்தத் தம்பி வீட்டு மாடியில் ஒரு ஜெர்மன் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். கணவர் தினமும் சைக்கிளில் திருப்பருத்திக்குன்றம் போய் சமணர் கோயிலில் கழுத்து நோக அண்ணாந்து, மேல்கூரை ஓவியங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். மனைவி பெயர் எல்ஃப்ரீடா. கல்யாணம் முடிந்த மறுநாள் அந்த அம்மாள் என் கடை வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன். பாதி இங்கிலீஷ், பாதி தெருப் பெண்களிடம் கற்ற தமிழ். "உங்க குழாய் இந்த ஊர்ல எங்க கேக்காது?" என்றார். எங்கே கேட்கும் என்று கேட்டவர்கள் உண்டு. எங்கே கேட்காது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

எதற்கு என்று கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். அவர் ஊரில் ஆபரா என்று ஒன்று உண்டு. நம் கூத்து மாதிரி கதைதான், ஆனால் சண்டை போடுவதும் பாட்டு, சாவதும் பாட்டு. மேடைக்குக் கீழே பள்ளத்தில் ஒரு படையே உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கும். மைக் கிடையாது. அதையெல்லாம் தாண்டி மேல்மாடியின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டையால் பாட வேண்டும். சின்ன வயதில், குண்டு விழுந்து கூரை போன சர்ச்சில் பாடிப் பழகியவர். பல வருஷம் ராணிக்குப் பின்னால் நிற்கும் தோழியாக நின்று, கடைசியில் ராணி வேஷமே கிடைத்தது. பெண் குரலிலேயே ரொம்ப உச்சமான குரல் அவருக்கு. கிடைத்த கொஞ்ச நாளில் தொண்டையில் முடிச்சு விழுந்தது. ஆபரேஷன் ஆனது, வேஷம் இன்னொருத்திக்குப் போனது. ஒரு வருஷம் கழித்து வந்து பாடிக் காட்டு, நாங்கள் கடைசி வரிசையில் உட்காருகிறோம், எட்டினால் வேஷம், எட்டாவிட்டால் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடு என்று நாடகக் கம்பெனியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது. அவருக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை, அதற்குள் பாடிப் பழகச் சத்தமில்லாத ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். பாலாற்று மணலில் என் குழாய் கேட்காது என்று வழி சொன்னேன். எழுந்து கொண்டே சொன்னார்: "பிள்ளைங்க நல்லவங்க. ஆனா நான் டீச்சர் ஆக மாட்டேன்."

வெள்ளரிக்காய்க்காரர்

குழாய் கட்டினால் எப்படிச் சரி பார்ப்பீர்கள் என்று இன்னொரு நாள் அம்மாள் கேட்டார். ரெக்கார்டைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே போவேன், எங்கே வார்த்தை புரியாமல் போகிறதோ அங்கே நின்று கையைத் தூக்குவேன், இதுதான் என் வித்தை என்றேன். "எனக்கும் அப்படியே பாருங்க" என்றார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலையில் ஆற்றுக்குப் போனோம். அவர் கரையோரம் நின்று பாட, நான் மணலில் காலைப் புதைத்துப் புதைத்து நடந்தேன். முதல் நாள் பக்கத்திலேயே கை தூக்கிவிட்டேன். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு" என்றார்.

ஆற்று மணலில் வெள்ளரிக்காய் போட்டிருந்த ஒருவர் இதை நாலைந்து நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் தனியாக நின்று கூவ, ஒரு ஆள் அவரை விட்டு விலகி விலகிப் போய்க் கை தூக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? என்னை நிறுத்திக் கேட்டார். அதை அம்மாளிடம் சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். அவருக்கு வந்ததே ஒரு சந்தோஷம். அந்தப் பாட்டில் வருகிறவள் புருஷனைப் பறிகொடுத்தவளாம். பாஷை தெரியாத மனிதருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அந்த வழியே நடந்துபோய் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். வெள்ளரிக்காய்க்காரர் என்னிடம் கேட்டது இதுதான்: "யாரப் பறிகுடுத்துட்டு வந்து இந்தம்மா இங்க அழுவுது, பாவம்?"

காது

மூன்று மாதம் போனது. தூரம் கூடியது, அப்புறம் குறைந்தது. சளி பிடித்த வாரம் வாயே திறக்கவில்லை, ஆனால் ஆற்றுக்கு மட்டும் தவறாமல் வந்து மூச்சுப் பயிற்சி செய்துவிட்டுப் போனார். சளி விட்ட பிறகு பாட ஆரம்பித்த முதல் நாள், குரல் பாதி தூரத்துக்கு மேல் எட்டவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கேட்கிற மாதிரியே இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, பிறகு கையைத் தூக்கினேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு மணலில் விறுவிறுவென்று என்னிடம் நடந்து வந்தார். அவ்வளவு கோபத்தை நான் சம்பந்தி வீட்டில் கூடப் பார்த்ததில்லை. "எனக்குப் பாவம் பாக்கிற காது வேணாம், ஏகாம்பரம். அது என் வீட்டுக்காரர்கிட்டயே இருக்குது."

மைக்கை விடாதவர்

இடையில் தொழிலும் நடந்தது. ஒரு கட்சிக் கூட்டம். பேச வந்தவர் மைக்கைக் கையில் பிடித்தால் குழந்தையைப் பிடிப்பது போல அணைத்துக்கொள்வார், உதடு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டு, கூட்டு என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். மைக் கூவ ஆரம்பித்தது. கூட்டம் பின்பக்கமிருந்து கரைந்தது. கடைசியில் நானும் வேடிக்கை பார்க்க வந்த ஜெர்மன் அம்மாளும் சோடாக்காரரும்தான் மிச்சம். ஆள் இல்லையே ஐயா, முடித்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன். "ஜனங்க போனா இன்னாப்பா? அதான் கொழா இருக்குதே, வூட்ல இருந்துக்கினே கேப்பாங்க."

மறுநாள் கடையில் என் நல்ல மைக்கைத் துடைத்து அம்மாள் முன் வைத்தேன். இதில் ஒரே ஒருமுறை பாடுங்கள், தொண்டை நோகாமல் வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றேன். என் தொழில்மேல் எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் மைக்கை மரியாதையாகத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். "இது உள்ள போய் வெளிய வந்தா அது உங்க குரல். நான் தேடுறது என்னோடது."

மேடைக்கு மரியாதை

அவர்கள் ஊருக்குக் கிளம்ப இருந்த சமயம் நெசவாளர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழா வந்தது. செயலாளர் மாணிக்கம் நல்ல மனிதர், என்னைத் திட்டுவதில் மட்டும் சலிக்காதவர். நம் ஊர் மாப்பிள்ளை மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு திரியும் ஜெர்மன்காரரின் சம்சாரம் பாடுமாமே, பாடச் சொல்லலாம் என்று அவரே போய்க் கேட்டார். அம்மாள் உடனே ஒத்துக்கொண்டார், மைக் இல்லாமல் என்றால். மாணிக்கம் ஆடிப்போனார். பேச வருகிற பிரமுகருக்கு மைக், நன்றி சொல்கிறவருக்கு மைக், கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு மட்டும் இல்லையா? என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்: "மைக்கு இல்லாம நிக்க வெச்சா நாம அவங்கள அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்பா. ஊரே காறித் துப்பும்."

இரண்டு பக்கமும் நடந்து நான் பஞ்சாயத்து பண்ணினேன். அம்மாள் யோசித்தார். மைக் எதிரில் நிற்கட்டும், உயிர் மட்டும் இருக்கக்கூடாது, அது நம் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அப்புறம் என்னை உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார். நான் பந்தலின் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார வேண்டும். கேட்காவிட்டால் ஆற்றில் போலவே கையைத் தூக்க வேண்டும். அவர் பாட்டை அங்கேயே நிறுத்திவிடுவார், மேடையில் பாடும் ஆசையையும் சேர்த்து. வேண்டாம் அம்மா, ஓலைப் பந்தல் சத்தத்தையெல்லாம் குடித்துவிடும், இதை வைத்து முடிவு பண்ணாதீர்கள் என்று கெஞ்சினேன். "அங்க கடைசி வரிசையில உக்காரப் போறவங்க உங்களைவிட மோசமானவங்க" என்றார்.

கடைசி வரிசை

விழா அன்று பிரமுகர் பேசினார், மைக் கூவியது, திட்டு வந்தது, எல்லாம் வழக்கம்போல. அம்மாள் அரக்குப் பட்டுப்புடவையில் மேடை ஏறினார். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து மைக் ஒயரைப் பிடுங்கி முனையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் என் கை தானாகச் சத்தத்தைக் கூட்டிவிடும், அதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் அப்பளம் விற்கிறவர், நடுவில் பிள்ளைகள் சத்தம், ரோட்டில் பஸ். முதல் பாட்டை உச்சத்திலேயே எடுத்தார். நெஞ்சில் வந்து இடித்தது. பஸ் ஹாரன் அதற்குக் கீழே எங்கேயோ கேட்டது. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டுதான் ஆற்றில் பாடிய பாட்டு. முதலில் ஓங்கி, பிறகு இறங்கி, கடைசியில் நூல் மாதிரி மெலிந்துகொண்டே போகும். ஆற்றில் ஒரு நாள் கூட அந்த முடிவு எனக்குக் கேட்டதில்லை. என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்காவிட்டால் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்காவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். குரல் இறங்கியது, இன்னும் இறங்கியது. பிள்ளைகள் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அப்பளக்காரர் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். பாட்டின் கடைசி இழை என் காதில் வந்து முடிந்தது. என் கை மடியிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒயரைச் செருகினேன், நன்றியுரை முடிந்தது. மாணிக்கம் பின்பக்கம் வந்து எல்லோர் எதிரிலும் என் முதுகில் தட்டி ஒன்று சொன்னார். அம்மாளும் அந்த நேரம் அங்கே வந்துவிட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள் என்றார். மாணிக்கம் சளைக்காமல் மறுபடியும் சொன்னார்: "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான்பா உன் மைக்கு ஒழுங்கா வேலை செஞ்சிது."

அதே மைக்

அதன் பிறகு நான் பட்ட பாட்டை என் இனத்தார்தான் புரிந்துகொள்வீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் சங்க விழாவில் வைத்த மைக்தான் வேண்டும் என்றார்கள். அதையே கொண்டுபோய் வைத்தேன். ஒரு கல்யாணத்தில் பாட வந்தவர் அதன் எதிரில் உட்கார்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலப் பாடினார். மாப்பிள்ளையின் மாமா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "நல்ல மைக்க அந்தம்மாவுக்கு வெச்சிட்டு எங்களுக்கு ஓட்ட மைக்க எடுத்தாந்து குடுக்கிறியா?"

திரும்பி வந்தவர்

அடுத்த வருஷம் ஜெர்மன்காரர் மட்டும் தனியாக வந்தார். திருப்பருத்திக்குன்றத்தில் வரைய இன்னும் பாக்கி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் கடைக்கு வந்தார். அம்மாள் வரவில்லையா என்று கேட்டேன். வர முடியாது, வாரம் தவறாமல் நாடகம் இருக்கிறது என்றார். ராணி வேஷமா என்றேன். ராணி வேஷம்தான் என்றார். பிறகு, மனைவி மனப்பாடம் செய்யச் சொல்லி அனுப்பியிருந்த தமிழை நிமிர்ந்து நின்று ஒப்பித்தார்: "ஏகாம்பரம், மேல்மாடியில யாரும் கை தூக்கல."

காஞ்சிபுரத்தில் என் மைக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர், அதன் ஒயர் என் சட்டைப் பையில் இருந்தபோது கிடைத்தது.